நம் பிரதிநிதிக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்

(தோட்டக் கமிட்டிகளின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய பாராளுமன்ற அங்கத்தினர் ஒரு மாதத்தில் என்ன வேலை செய்கிறார்? என்ன வேலை செய்ய வேண்டும்? அந்த வேலையில் நமக்கு என்ன பங்கு? இந்த மூன்று கேள்விகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

தோட்டத்தில் இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. ஒருவர் சொல்கிறார்: "தேர்தல் சமயத்தில் லயத்து வாசலெல்லாம் நடந்தார். அதற்குப் பிறகு ஆளையே காணோம்!" இன்னொருவர் சொல்கிறார்: "நம்ம ஒய்.பி. தங்கமான மனுஷர். பெரியவர் இறந்த வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கு அரிசி கொடுத்தார். கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் வருகிறார்!" ஒருவர் ஏசுகிறார், ஒருவர் புகழ்கிறார். ஆனால் இருவரும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் கண்ணில் பட்டாரா, படவில்லையா என்பதே அந்த அளவுகோல்.

தோழர்களே, நம் உழைப்பை யாராவது அப்படி அளக்கிறார்களா? பெரட்டில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் பேர் போடுகிறார்களா? வெட்டிய மரம் எத்தனை, கொண்டுவந்த பால் எத்தனை, ஒட்டுப்பால் எத்தனை என்று நிறுத்துப் பார்த்து, கிராணி செக்ரோலில் எழுதிய பிறகுதான் அது வேலை. நம் வேலை தினந்தோறும் நிறுக்கப்படுகிறது. நாம் அனுப்பிய பிரதிநிதியின் வேலையை மாதத்துக்கு ஒரு முறையாவது நாம் நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

சம்பளம் யார் பணம்?

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதிய வைத்துக்கொள்வோம். பாராளுமன்ற அங்கத்தினர் நமக்குத் தர்மம் செய்ய வந்தவர் அல்லர். 2015ஆம் ஆண்டு முதல் அவருடைய மாதச் சம்பளம் 16,000 வெள்ளி. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நம்மில் ஒருவர் ஒன்பது மாதத்துக்கு மேல் உழைத்தால் கிடைப்பது அவருக்கு ஒரு மாதத்தில் கிடைக்கிறது. பொறாமையால் இதைச் சொல்லவில்லை. பொறுப்பான வேலைக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்று கேட்பதுதானே சங்கம்! ஆனால் அது பொதுப் பணம். கடையில் நாம் வாங்கும் சாமான்களின் விலையிலும் வரி கலந்திருக்கிறது. ஆகவே கணக்குக் கேட்பது நம் உரிமை. 'ஒய்.பி.' என்றால் மரியாதைக்குரியவர் என்று பொருள். மரியாதையோடு கேட்போம், ஆனால் கேட்காமல் இருக்க வேண்டாம்.

தலைநகரில் என்ன நடக்கிறது?

மக்களவையில் 222 ஆசனங்கள் இருக்கின்றன. மேலவையில் 70 பேர். அந்த 70 பேரில் எவரும் நம் நேரடி ஓட்டில் வருகிறவர் அல்லர். சிலரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன, மற்றவர்கள் நியமனம் பெறுகிறார்கள். நம் கையால் போகிறவர் மக்களவை அங்கத்தினர் ஒருவரே.

இரண்டு கூட்டத் தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது அரசியல் சட்டம். வழக்கத்தில் ஆண்டுக்கு மூன்று முறை மக்களவை கூடுகிறது. கூடும் வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை சபை நடக்கும். ஆகவே அந்த மாதங்களில் நம் பிரதிநிதி வாரத்தில் நான்கு நாள் கோலாலம்பூரில் இருக்கத்தான் வேண்டும். அந்த நாட்களில் அவர் நம் திருவிழாவுக்கு வரவில்லை என்று கோபிப்பது நியாயமில்லை. சபை நடக்கும்போது அவர் நம் திருவிழாவில் மாலை போட்டுக்கொண்டிருந்தால் அதற்குத்தான் கோபிக்க வேண்டும்!

சபை காலை பத்து மணிக்குக் கூடியதும் கேள்வி நேரம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மந்திரிமார் எழுந்து பதில் சொல்ல வேண்டும். நினைத்த மாத்திரத்தில் கேள்வி கேட்டுவிட முடியாது. பல நாட்களுக்கு முன்பே எழுத்தில் அனுப்பி, அது ஏற்கப்பட்டு, அன்றைய நிகழ்ச்சித் தாளில் வரிசை எண் பெற வேண்டும். ஒருவர் எத்தனை கேள்வி அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வரிசையில் பின்னால் நிற்கும் கேள்வி மேடைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதற்கு எழுத்தில் பதில் வரும். மேடையில் கேட்கப்பட்ட கேள்விக்கோ துணைக் கேள்வி உண்டு. மந்திரி நழுவப் பார்த்தால் மடக்கிப் பிடிப்பது அந்தத் துணைக் கேள்விதான்.

வழக்கமாக அக்டோபர் மாதத்தில் வரவு செலவுத் திட்டம் வருகிறது. முதலில் பொது விவாதம். பிறகு ஒவ்வொரு மந்திரி இலாகாவின் செலவையும் தனித்தனியே ஆராய்கிறார்கள். ஆண்டின் மிக நீண்ட கூட்டத் தொடர் இதுவே. தோட்ட மக்களின் வீடு, பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை எதுவாயினும் பணம் ஒதுக்கப்படும் இடம் இதுதான். மார்ச்சில் கேட்க மறந்ததைச் செப்டம்பருக்குள் கேட்டால் இதில் சேர வழியுண்டு. டிசம்பரில் கேட்டால் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சபையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அதிகாரபூர்வமான அறிக்கையாக மலாய் மொழியில் அச்சாகிறது. பாராளுமன்றத்தின் இணையப் பக்கத்தில் எவரும் அதைப் படிக்கலாம். கையில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டிவிடுவார்கள். நம் பிரதிநிதி இந்தக் கூட்டத் தொடரில் எத்தனை முறை எழுந்தார், தோட்டத்தைப் பற்றி வாய் திறந்தாரா என்பதை வதந்தியைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியதில்லை.

கேள்வி எங்கே பிறக்கிறது?

இப்போது நம் பங்குக்கு வருவோம். ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீடுகள் பழுதாகிவிட்டன. நாம் பிரதிநிதியைக் கண்டு, "ஐயா, எங்கள் வீடெல்லாம் ஒழுகுகிறது, கொஞ்சம் பாருங்கள்" என்கிறோம். அவரும் நல்ல மனதோடு சபையில் எழுந்து, "தோட்டத் தொழிலாளரின் வீட்டு நிலைமையை அரசாங்கம் அறியுமா?" என்று கேட்கிறார். மந்திரியும், "அறிவோம், கவனித்து வருகிறோம்" என்கிறார். முடிந்தது கதை. கேள்வியும் பதிலும் அச்சில் ஏறிவிட்டன. கூரை மட்டும் ஒழுகுகிறது.

அதே தோட்டத்துக் கமிட்டி வேறு விதமாகப் போகட்டும். வீடு 40, அதில் கூரை ஒழுகுவது 28. ஒவ்வொரு வீட்டின் எண், குடும்பத்தில் எத்தனை பேர், படம் எடுத்த தேதி, நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்த தேதி, தொழிலாளர் இலாகாவுக்கு மனுக் கொடுத்த தேதி, அதன் ரசீது எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். இப்போது கேள்வி எப்படி வரும்? "இன்ன தோட்டத்துக்கு இலாகா அதிகாரி எந்தத் தேதியில் சோதனைக்குப் போனார்? தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி நிர்வாகத்துக்கு என்ன உத்தரவு கொடுக்கப்பட்டது? உத்தரவை நிறைவேற்றக் கெடு எப்போது?" இந்தக் கேள்விக்கு "கவனித்து வருகிறோம்" என்று பதில் சொல்ல முடியாது. இலாகா தன் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். பல சமயங்களில் கேள்வி சபைக்கு வரும் முன்பே அதிகாரி தோட்டத்துக்கு வந்து நிற்பார்!

அந்தத் தாளை எழுதுவது யார்? இங்கேதான் கிராணிமார்களிடம் ஒரு வார்த்தை. தேதியும் எண்ணும் தவறாமல் எழுதுவது உங்கள் தொழில். துரைக்காக ஆயிரம் தாள் எழுதிய கை, தொழிலாளிக்காக மாதம் ஒரு தாள் எழுதினால் குறைந்துபோகாது. எந்த வீடு ஒழுகுகிறது, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது லயத்தில் இருக்கிற பெண்களுக்குத் தெரியும். எந்த மேட்டில் எந்த நிரையில் பாதை இடிந்தது என்பது மரம் வெட்டுகிறவருக்குத் தெரியும். தெரிந்தவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுத, சங்கம் கொண்டுபோய்க் கொடுக்க, பிரதிநிதி சபையில் கேட்க வேண்டும். இந்த நாலு கண்ணியில் எது அறுந்தாலும் சங்கிலி அறுந்தது போலத்தான்.

பழைய பாடம் ஒன்று

இது புதிய யோசனை அன்று. 1950ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். ஐந்து ஏக்கரும் பத்து ஏக்கரும் வாங்கியவருக்கு லயத்து ஜனங்கள் எதற்கு? வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. தோட்டத் துண்டாடல் என்று பெயர் பெற்ற அந்தக் கொடுமையை நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். புலம்பலாக இருந்தது கணக்காக மாறியது.

அப்போது சுங்கை சிப்புட் தொகுதியின் பாராளுமன்ற அங்கத்தினராகவும் மந்திரியாகவும் இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுக்கலாம் என்பது திட்டம். நாள் கூலி ஒரு சில வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி சிறிய தொகையா? வயிற்றைக் கட்டித்தான் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தாயிற்று. பிறகு மேலும் பல தோட்டங்கள் வந்தன.

கூட்டுறவால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பாடம் என்ன? மந்திரி வந்து பேசியதால் மட்டும் தோட்டம் கிடைக்கவில்லை. தொழிலாளி பணம் வைத்திருந்ததால் மட்டும் கிடைக்கவில்லை. பிரதிநிதி ஒரு பக்கம், மாதம் தவறாமல் பத்து வெள்ளி கட்டிய ஆயிரக்கணக்கான கைகள் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

சட்டம் வயிற்றுக்கு வருவது எப்படி?

"பாராளுமன்றத்தில் பேசிப் பேசி என்ன கண்டோம்?" என்று சலித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கண்டதைச் சொல்கிறோம்.

2011இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி ஆயிற்று. 2016இல் 1,000; 2019இல் 1,100; 2022 மே மாதத்தில் 1,500; 2025 பிப்ரவரியில் 1,700. விலைவாசி ஏறிய வேகத்துக்கு இது போதுமா என்றால் போதாது. ஆனால் மழை பெய்தால் சம்பளம் இல்லை, ரப்பர் விலை விழுந்தால் சம்பளமும் விழும் என்று வாழ்ந்த நம் பெற்றோருக்கு, கீழே இறங்காத ஒரு தரை சட்டத்தால் கிடைத்ததா, வேறு எதனால் கிடைத்தது?

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தை 2022இல் பாராளுமன்றம் திருத்தியது. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. குழந்தை பிறந்தால் தகப்பனுக்கும் 7 நாள் விடுமுறை உண்டு. வீட்டு வசதிக்கு 1990இல் தனிச் சட்டம் வந்தது. 2019இல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலாளரைத் தங்க வைக்கும் இடத்துக்கு இலாகாவின் சான்றிதழ் வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தில் வந்த விதி.

இன்னொன்று. 2019 ஜூலையில் ஓட்டு வயதை 18ஆகக் குறைக்கும் அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் 211 ஓட்டுக்களோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஓட்டளித்தன. மனம் இருந்தால் கட்சிச் சுவர் தாண்ட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவரின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. ஆனால் அடையாளக் கார்டில் என்ன விலாசமோ அந்தத் தொகுதியில்தான் ஓட்டு. தோட்டம் மாறிய குடும்பங்கள் விலாசத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஓட்டில்லாத தோழர்களையும் இங்கே நினைத்துக்கொள்வோம். இன்று நம் பக்கத்து நிரையில் வேலை செய்கிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய கூரை ஒழுகினாலும் அது தொழிலாளியின் கூரைதான். அவர்களுக்கு மட்டமான வீடு போதும் என்று விட்டால், நாளை நமக்கும் அதே வீடுதான் மிஞ்சும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

சபை இல்லாத மாதங்களில் பிரதிநிதி தொகுதியில் இருக்கிறார். அவருடைய சேவை மையத்தில் காலையிலிருந்தே கூட்டம். அடையாளக் கார்டு, பிரஜாவுரிமை, பிறப்புப் பத்திரம், ஆஸ்பத்திரிச் செலவு, சமூக நல உதவி, பிள்ளைகளின் மேற்படிப்பு, சொக்சோ, சேமநிதி என்று ஆளுக்கொரு கவலையோடு வருகிறார்கள். அதில் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கில் அலைந்து, கடைசியாக இங்கே வருகிறவர்கள்.

ஆகவே கதவுகளைத் தெரிந்துகொள்வோம். சம்பளம் குறைத்தாலும், பிடித்தம் செய்தாலும் முதல் கதவு சங்கம். அடுத்த கதவு தொழிலாளர் இலாகா. அங்கே புகார் எழுதிக் கொடுத்தால் விசாரணை நடத்தி உத்தரவிட வேலைச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அதற்குப் பிரதிநிதியின் சிபாரிசு தேவையில்லை. இலாகா அசையாவிட்டால்தான் அவரிடம் போக வேண்டும்.

நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். வீட்டு மனை, சுடுகாடு, கோயில் நிலம் என்றால் சட்டமன்ற அங்கத்தினரும் நில அலுவலகமும்தான் கதவு. பாராளுமன்ற அங்கத்தினர் கூட வந்து நின்று பேசலாம். பட்டா அவர் கையில் இல்லை. கல்வி கூட்டரசின் அதிகாரம். ஆனால் பல தமிழ்ப்பள்ளிகள் நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டம் விலைக்குப் போனால் பள்ளிக்கூடத்துக்காக இரண்டு கதவையும் ஒரே சமயத்தில் தட்ட வேண்டும்.

சாக்கடை, குப்பை, தெருவிளக்கு நகராண்மைக் கழகத்தின் வேலை. ஒரு காலத்தில் அந்த அங்கத்தினரையும் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். 1965இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது முற்றாகப் போயிற்று. அன்று முதல் நியமனம்தான். நாட்டின் சட்டத்தை ஆராய வேண்டிய பாராளுமன்ற அங்கத்தினர் சாக்கடை அடைப்பைப் பார்க்க ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டத்து நிலைமை இன்னும் மோசம். தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால், கம்பத்துக்கு வரும் அரசாங்கச் சாலையும் விளக்கும் வெகுகாலமாகத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன.

அரிசி மூட்டையும் ஒதுக்கீடும்

பிரதிநிதி கொடுக்கும் உதவிகள் பெரும்பாலும் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து வருகின்றன. அதுவும் நம் பணமே. இந்த ஒதுக்கீடு ஆளும் கட்சிக்காரருக்கு நிறையவும், எதிர்க்கட்சிக்காரருக்குக் குறைவாகவோ இல்லாமலோ கிடைத்த காலங்கள் பல. 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட் அங்கத்தினராக இருந்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் இதை எதிர்த்து 2010இல் நீதிமன்றத்துக்கே போனார். தீர்ப்பு அவர் பக்கம் வரவில்லை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாலும் ஜனங்கள் ஒரே ஜனங்கள்தானே? எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் வீட்டுச் சாலையில் மட்டும் மழை வேறு மாதிரியா பெய்கிறது? தொகுதி ஒதுக்கீடு எல்லாருக்கும் ஒரே அளவில், சட்டத்தில் எழுதப்பட்டு வர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

கஷ்டத்தில் இருக்கிறவருக்கு அரிசி மூட்டை அவசியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டை பத்து நாளில் தீர்ந்துவிடும். சட்டத்தில் ஒரு வரி மாறினால் அது நம் பேரப்பிள்ளைகள் வரை சோறு போடும். பிரதிநிதியின் மாதத்தை நிறுக்கும்போது இதையும் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கூரை போகும் நாள்

தோழர்களே, இவ்வளவு வற்புறுத்திப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் நின்ற மேடெல்லாம் செம்பனை ஆயிற்று. செம்பனை நின்ற சமவெளி வீட்டு மனையாகிறது, தொழிற்சாலையாகிறது. நம் வேலை முடியும் நாளில் நம் வீடும் முடிகிறது. முப்பது வருஷம் வெட்டியவருக்கும் அதே கதிதான்.

வேலை நீக்க நஷ்டஈட்டுக்கு 1980இல் விதிகள் வந்தன. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த வேலைக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருஷத்துக்குக் குறைந்தால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். நல்லது. ஆனால் அந்த விதிகளில் நாள் கணக்கு இருக்கிறது. கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வெட்டி, தோட்டத்திலேயே முதுமை அடைந்தவர் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பட்டணத்தில் எந்த வீட்டை வாங்குவார்?

உலு சிலாங்கூர் வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் மனுக் கொடுத்தும் மன்றாடியும் காத்திருந்தன. 2023இல்தான் அரசாங்கம் அந்த வீடுகளுக்குப் பணம் ஒதுக்க முன்வந்தது. இத்தனை காலத்தில் எத்தனை தேர்தல், எத்தனை பிரதிநிதிகள், எத்தனை வாக்குறுதிகள்! ஆனால் அந்த ஜனங்கள் தங்கள் தாள்களைப் போட்டுவிடவில்லை. ஒவ்வொரு புதிய முகத்துக்கும் அதே கோப்பைத் திறந்து காட்டினார்கள். பிரதிநிதி மாறுவார், கோப்பு மாறக்கூடாது.

தோட்டம் விற்கப்பட்டால் அங்கே உழைத்த குடும்பத்துக்கு வீட்டு மனை உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். இது நம் முதல் கோரிக்கை. நிலம் மாநிலத்தின் கையிலும் தொழிலாளர் சட்டம் கூட்டரசின் கையிலும் இருப்பதால், ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டு நழுவுவது சுலபம். நழுவ விடாமல் இரண்டு சபையிலும் ஒரே மாதத்தில் ஒரே கேள்வியை எழுப்பச் செய்வது நம்முடைய வேலை.

செய்ய வேண்டியது

ஆகவே இன்று இந்தக் கூட்டத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்தி. முதல் பத்தியில், பிரதிநிதியிடம் நாம் கொடுத்த விஷயம் என்ன, எந்தத் தேதியில் கொடுத்தோம். இரண்டாவதில், அவர் என்ன செய்தார்: கடிதமா, நேரில் பேசினாரா, சபையில் கேள்வியா, தேதி என்ன. மூன்றாவதில், வந்த பதில். நான்காவதில், அடுத்து செய்ய வேண்டியது, அதைச் செய்ய வேண்டியவர் யார்.

மாதக் கடைசிக் கூட்டத்தில் அதை உரக்கப் படிக்க வேண்டும். எழுதத் தெரியாதவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஒரு பிரதியைப் பிரதிநிதியின் சேவை மையத்துக்கு அனுப்புவோம். நன்றாகச் செய்தவர் அதைக் கண்டு மகிழ்வார். தன் உழைப்பை ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று தெம்பு கொள்வார். செய்யாதவர் அடுத்த மாதம் செய்வார். அதற்கும் செய்யாதவருக்குப் பதில் சொல்லத் தேர்தல் வருகிறது. அப்போது போஸ்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

நோட்டில் கட்சியின் பெயருக்குப் பத்தி இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்று ஒருவர், நாளை வேறொருவர். யார் வந்தாலும் அதே நோட்டு, அதே நான்கு பத்தி. நான்காவது பத்தியில் நம் பெயரும் வரும் என்பதையும் கவனியுங்கள். "கமிட்டி தாள் தயார் செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டு மூன்று மாதம் தூங்கினால், பிரதிநிதியைக் கேட்க நமக்கு வாய் ஏது?

தோழர்களே, ஒரு மரத்தை ஒரு நாள் ஆழமாக வெட்டினால் பால் கூடுதலாக வராது, பட்டைதான் காயப்படும். கோட்டைப் பார்த்து, மெல்லியதாக, முறை தவறாமல் வெட்டுகிறவனுக்குத்தான் மரம் வருஷக்கணக்கில் பால் கொடுக்கும். அரசியலிலும் அதே முறைதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆவேசப்படுவதை விட, மாதத்துக்கு ஒரு தாள் எழுதுவதில் பலன் அதிகம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் தன் நோட்டின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் வரியாக உங்கள் தோட்டத்து வீடுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். இரண்டாவது வரியாக, ஒழுகும் கூரைகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். மற்றதை அங்கிருந்து தொடங்குவோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!